சும்மா பார்க்க வருகிறவர்கள் கவனத்திற்கு

கஸ்பார் ஹைட்ஸ் விதிகளை நம்புகிறவர். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. முலூஸ் நகரத்துச் சலவை ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக பாய்லர் பார்க்கிறார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வால்வைத் திற என்று சுவரில் எழுதியிருந்தால் திறந்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்று விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அப்படி விசாரித்துக்கொண்டு நின்ற ஒருவருடைய தொப்பியை அடுத்த தெருவில்தான் கண்டெடுத்தார்கள் என்று ஆலையில் ஒரு கதை உண்டு. அதனால் உலகத்தில் எங்கே எந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பாய்லர் இருப்பதாகவே கஸ்பார் எடுத்துக்கொள்வார்.

அந்த ஆலைக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் விடுமுறை. பரிசோதனைக்காக பாய்லரை அணைத்து ஒரு முழு நாள் ஆறப்போட வேண்டும். அன்றைக்கு ஆவி இல்லை. ஆவி இல்லாவிட்டால் இஸ்திரி இல்லை. இத்தனை வருஷமும் அந்த நாளில் ஆளுக்கொரு மூலையில் தூங்கினார்கள். இந்த வருஷம் அப்படி விட மனம் வரவில்லை. காரணம் ஜிலேன்.

ஜிலேன் முப்பத்தோரு வருஷமாக மேஜை விரிப்புப் பிரிவில் இருக்கிறவள். இந்த விடுமுறை வருகிற மாதக் கடைசியோடு அவளுக்கு ஓய்வு. லிண்டன்பூர் என்ற பழைய நகரத்து ஓட்டல்கள், அதைச் சுற்றியிருக்கும் ஒயின் கிராமத்துச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றின் விரிப்புகளும் அவள் கை வழியாகத்தான் போய்வந்தன. அந்த ஊரில் வாய்க்கால் ஓரம் வண்ண வண்ண மரச்சட்ட வீடுகள் இருக்கின்றனவாம். ஜப்பானில் இருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஜிலேன் பார்த்ததில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தே முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

"லிண்டன்பூரோட அழுக்கு மொத்தமும் எனக்கு அத்துப்படி" என்றாள் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில். "ஊரைத்தான் தெரியாது."

பக்கத்து இஸ்திரி மேஜைக்காரி ஒதீல் சும்மா இருக்கவில்லை. "உன்னைப் பாரிஸுக்கு அனுப்பினா ஸ்டேஷன் வாசல்லயே இன்னொரு முப்பது வருஷம் நின்னுட்டு வருவே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பன்னிரண்டு பேருமாக லிண்டன்பூர் போவது என்று முடிவாயிற்று. ஏற்பாட்டை கஸ்பாரிடம் ஒப்படைத்தார்கள். பாய்லர் ஓடும்போது அவருக்கு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பது மற்றவர்களின் நெடுநாள் அபிப்பிராயம்.

சோப்புத்தூள் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கஸ்பார் திட்டம் எழுதினார். காலை எட்டு பத்துக்கு ரயில். ஊரைச் சுற்றிப் பார்த்தல். மதியச் சாப்பாடு. இரண்டு மணி பஸ்ஸில் ரீடல்ஹைம் கிராமம், அங்கே ஒயின். மாலை ரயிலில் வீடு. எழுத நாலு நிமிஷம் ஆயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை.

அவர் ரயில் நேரத்தைச் சரிபார்க்க ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே லிண்டன்பூர் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு நாரை, ஒரு திராட்சைக் குலை, சிரிக்கும் குடும்பம். அடியில் பொடி எழுத்தில், யாரும் படிக்காத இடத்தில், ஒரு வரி இருந்தது. எட்டுப் பேருக்கு மேற்பட்ட குழுக்கள் முன்கூட்டியே நல்வரவு பெற்றிருத்தல் அவசியம்.

அதைப் பார்க்காத மாதிரி வந்துவிடுங்கள் என்று ஒதீல் சொல்லிப் பார்த்தாள். கஸ்பாரால் முடியவில்லை. எழுதி ஒட்டியிருக்கிறார்களே என்றார்.

லிண்டன்பூர் மற்றும் ஒயின் வீதி நல்வரவு ஆணையம், பழைய தானியக் கிடங்கின் இரண்டாம் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவில் ஒன்பது மொழிகளில் வருக வருக என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, செவ்வாய், வியாழன் மட்டும், பத்து முதல் பதினொன்றரை வரை. வியாழன் விடுமுறை என்று ஒரே மொழியில் எழுதியிருந்தது. கஸ்பார் போனது புதன்கிழமை. மறுபடியும் செவ்வாய்க்கிழமை போனார்.

ஊழியர்கள் ஏழு பேரும் புன்னகைப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்ததால் இயக்குநரே அவரைப் பார்த்தார். மதாம் வோக்ளேர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். மடிப்புக் கலையாத வெண்ணெய் நிறக் கோட்டு. அந்தத் துணி என்ன துணி என்று கஸ்பாருக்குப் பார்த்ததுமே தெரிந்தது; ஆலைக்கு வந்தால் தனியாகப் போட வேண்டிய ரகம். மதாம் பதினான்கு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார். கஸ்பார் அங்கேயே உட்கார்ந்து, அவர் எழுதும் பாய்லர் பதிவேட்டைப் போலவே, ஒரு கட்டத்தையும் விடாமல் பூர்த்தி செய்தார்.

மதாம் படித்துக்கொண்டே வந்து மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"வருகையின் நோக்கம்ங்கிற இடத்துல 'சும்மா பார்க்க'ன்னு எழுதியிருக்கீங்களே, மிசியே."

"ஆமா மதாம். பாக்கத்தான் வர்றோம்."

"அந்தப் பிரிவைப் போன வருஷமே எடுத்துட்டோம். வர்றவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் அதையே எழுதினாங்க. எல்லாரும் ஒரே பிரிவுல வந்து நின்னா நாங்க எதை வச்சு ஆய்வு பண்றது?"

இப்போது நான்கு பிரிவுகள்தான் இருந்தன: பாரம்பரியத் தேடல், நாவின் கல்வி, உள்ளப் புத்துணர்ச்சி, துக்கம். துக்கம் என்றால் என்ன என்று கஸ்பார் கேட்டார். முன்னோர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்களுக்கானது, அதற்கு இரண்டே நாளில் அனுமதி கிடைத்துவிடும் என்று மதாம் விளக்கினார். ஜிலேன் ஆலையை விட்டுப் போவதில் ஆலையில் எல்லாருக்கும் கொஞ்சம் துக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அதைச் சொல்லி அனுமதி வாங்குவது ஏமாற்றுவது போலப் பட்டது. மதியத்துக்கு மேல் ஒயின் குடிப்பதாக இருப்பதால் நாவின் கல்வி என்பதே நேர்மை என்று முடிவு செய்து அதில் குறியிட்டார்.

பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. எதிர்பாராத அனுபவம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று மட்டும் இருக்கிறது. இடமும் நேரமும் குறிப்பிட்டு மறுபடி அனுப்பவும் என்று குறிப்பு. கஸ்பார் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், ரீடல்ஹைம் கிணற்றடி, மாலை மூன்று நாற்பது என்று எழுதி அனுப்பினார். அந்த நேரத்து எதிர்பாராத அனுபவம் ஏற்கெனவே ஒரு பெல்ஜியக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, காலை பதினொன்றேகாலுக்குத்தான் இடம் இருக்கிறது, ஒப்புதல் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று பதில் வந்தது. போட்டு அனுப்பினார். நாவின் கல்விப் பிரிவில் வருகிற குழுக்கள் தங்களில் ஒருவரைப் பொறுப்புச் சுவைஞராக அனுப்பி அறிமுக வகுப்பிலும் தேர்விலும் கலந்துகொள்ள வேண்டும் என்று அடுத்த கடிதம் வந்தது.

ஆலையில் ஒருவரும் தேர்வுக்குப் போக முன்வரவில்லை. ஜிலேன்தான், கிடைக்கிற ஒயினை வேண்டாம் என்பானேன் என்று கிளம்பினாள். துணைக்கு கஸ்பார் போனார். ரயிலில் இருந்து இறங்கியதும் தானியக் கிடங்கு. அது முடிந்ததும் மறுபடி ரயில். இடையில் ஊரைப் பார்க்கலாமா என்று ஜிலேன் கேட்டதற்கு, இன்னும் அனுமதி வரவில்லையே என்று கஸ்பார் தடுத்துவிட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

கிடங்கின் கீழ்த்தளத்தில் அறுபது நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள். மதாம் வோக்ளேர் மேடையேறி வகுப்பைத் தொடங்கினார்.

"நண்பர்களே, நீங்க இல்லாம லிண்டன்பூர் இல்லை. உங்களை நாங்க மனசார நேசிக்கிறோம். நீங்க இங்க வர்றதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே பிரச்சினை. நான் வந்த வருஷம் இந்த ஊர்த் தெருக்கள்ல மனுஷங்க இஷ்டத்துக்கு நடந்துட்டிருந்தாங்க. எங்க நிப்பாங்க, எதைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு சொல்லவே முடியாது. ஒன்பது வருஷ உழைப்பு. இன்னைக்கு எங்க வாய்க்கால் பாலத்துல ஒரு நாள் பூரா ஒருத்தர்கூட நிக்கறதில்லை. படம் எடுத்தா எவ்வளவு சுத்தமா விழுது தெரியுமா? இந்த நிலைமையைக் கொண்டு வந்ததுக்காக ஆணையத்துக்கு மூணு விருது கிடைச்சிருக்கு. சுற்றுலா வளர்ச்சிக்கான விருது."

அறுபது பேரும் கைதட்டினார்கள். கைதட்டும் நேரமும் வகுப்புக் குறிப்பில் அச்சிடப்பட்டிருந்தது.

பிறகு தேர்வு. ஒவ்வொருவராக மேஜைக்கு வந்து ஒரு கிண்ணம் சிவப்பு ஒயினைச் சுவைத்துவிட்டு, மதாமின் கையில் இருந்த பட்டியலில் உள்ள நாற்பது சொற்களில் ஐந்தையாவது சொல்ல வேண்டும். முன்னால் போனவர்கள் காட்டு நாவற்பழம் என்றார்கள், ஈரக் கல் என்றார்கள். ஒருவர் குதிரைச் சேணம் என்றார். அவருக்கு முழு மதிப்பெண்.

ஜிலேன் முறை வந்தது. அவள் கிண்ணத்தில் விரலை நனைத்து மேஜை விரிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். அது பரவுவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் குடித்தாள்.

"இது ரெண்டு ஊரு ஒயின் கலந்தது, மதாம். உள்வட்டம் ரீடல்ஹைம். வெளிய ஊதாவா ஓடுது பாருங்க, அது தெற்கத்திச் சரக்கு, மலிவு. பச்சைத் தண்ணியில அலசி வெள்ளைக் காடி விட்டா போயிடும். சலவை சோடா மட்டும் போட்டுடாதீங்க, பச்சையா நிக்கும்."

மதாம் புட்டியைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். இது தேர்வுக்கென்று வைத்திருக்கிற ஒயின் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

முடிவு தபாலில் வந்தது. பதில் சரி, ஆனால் பட்டியலில் இல்லை. ஆகவே தேர்ச்சி இல்லை. குழுவின் மற்ற பதினொரு பேருக்கும் செவ்வாய்க்கிழமை நல்வரவு வழங்கப்படுகிறது. தேர்ச்சி பெறாதவர் ஆறு மாதத்துக்கு எந்தக் குழுவோடும் லிண்டன்பூரிலோ, ஒயின் கிராமங்களை இணைக்கும் ஒயின் வீதியிலோ காலடி வைக்கலாகாது.

ஜிலேன் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பரவாயில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு விரிப்புகளை மடிக்கப் போய்விட்டாள். அவள் மடித்த விரிப்பு கோணியிருந்ததை அன்றைக்குத்தான் ஆலையில் முதல் தடவை பார்த்தார்கள். ஒதீல் அதைப் பிரித்து மறுபடி மடித்து வைத்தாள். ஒதீல்கூடக் கேலி செய்யாததுதான் கஸ்பாரை உறுத்தியது.

மறுநாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு லிண்டன்பூர் போனார். மதாம் வோக்ளேர் அன்பாகவே பேசினார். ஆறு மாதம் கழித்து மறுதேர்வு உண்டு என்றார். அதற்குள் ஜிலேன் பிரெஸ்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு, நாட்டின் மறுகோடிக்கு, குடிபோய்விடுவாள் என்று கஸ்பார் சொன்னார். பிரெஸ்ட் வேறு ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று மதாம் வருத்தப்பட்டார்.

கஸ்பார் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். மிரட்டலாகக் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில்காரரிடம் விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அனுமதி இல்லாம வந்தா என்ன ஆகும், மதாம்?"

மதாம் புரியாமல் பார்த்தார். அலமாரியில் இருந்து விதித்தொகுப்பின் மூன்று பாகங்களையும் எடுத்தார். பொருளடக்கத்தைப் பார்த்தார், பின்னிணைப்பைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று.

"அது எங்கயும் எழுதல" என்றார் கடைசியில். அவர் குரலில் லேசான ஆச்சரியம் இருந்தது. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, மிசியே."

"ஒண்ணுமே வெடிக்காதா?"

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை, மதாம்" என்று சொல்லிவிட்டு கஸ்பார் படியிறங்கினார். இருபத்திரண்டு வருஷமாக அழுத்தமானியின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு, முள்ளுக்குப் பின்னால் குழாயே இல்லாத அழுத்தமானி ஒன்றை அப்போதுதான் பார்த்த மாதிரி இருந்தது. பயமாகவும் இருந்தது. ரயிலில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். எதிரே இருந்தவர் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்து ரயிலில் பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். பதினொரு பேருக்கு மட்டும் வந்த அனுமதித் தாளை ஆலையிலேயே விட்டுவிட்டார்கள். ஜிலேன் தேவாலயத்துக்குப் போட்டுப் போகிற நீலக் கவுனைப் போட்டிருந்தாள்.

லிண்டன்பூரில் அவர்களை யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆளே இல்லை. தெருக்கள் கழுவித் துடைத்த மாதிரி வெறிச்சோடிக் கிடந்தன. தானியக் கிடங்கைக் கடக்கும்போது உள்ளே இருந்து கைதட்டல் கேட்டது. அன்றைக்கு ஊர் பார்க்க வந்த குழுக்கள் எல்லாம் அறிமுக வகுப்பில் இருந்தன. சலவை ஆலைக்காரர்கள் சந்து சந்தாக நுழைந்தார்கள். கதவுக்கு மேலே செதுக்கியிருந்த வருஷங்களைப் படித்தார்கள், ஜன்னல் பூத்தொட்டிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். வாய்க்கால் பாலத்தில் ஒரு நாள் பூரா யாரும் நிற்பதில்லை என்று மதாம் பெருமைப்பட்டாரே, அந்தப் பாலத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று கைப்பிடிமேல் சாய்ந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வீடுகள் தண்ணீரில் தலைகீழாக ஆடின.

ஜிலேன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். பிடிக்கவில்லையோ என்று கஸ்பாருக்குக் கவலையாகிவிட்டது.

"இவ்வளவு அழகான ஊருக்காரங்க" என்றாள் ஜிலேன், "சாப்பிடறப்ப எப்படித்தான் இவ்வளவு சிந்துறாங்களோ."

மதியம் வாய்க்கால் ஓரத்துக் கடை ஒன்றில் சாப்பிட்டார்கள். வெங்காயமும் பன்றியிறைச்சியும் தூவிச் சுட்ட மெல்லிய ரொட்டி. நடுவில் வைத்துக் கையால் பிய்த்துத் தின்பது. உட்கார்ந்ததும் ஜிலேன் மேஜை விரிப்பின் மூலையைத் திருப்பி, தன் கைத் தையல் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தாள். அதன் பிறகு அந்த மேஜையில் ஒருவரும் ஒரு துளி சிந்தவில்லை. பரிமாறிய பெண், இத்தனை சுத்தமாகச் சாப்பிட்ட கூட்டத்தை இந்தக் கடை கண்டதில்லை என்று உள்ளே போய்ச் சொல்லி, சமையல்காரரே வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு மணி பஸ்ஸில் ரீடல்ஹைம். அங்கேதான் சிக்கல் வந்தது. கிராமத்துப் பழைய வாசல் வளைவின் கீழே சீருடைக்காரர் ஒருவர், வருகிற தலைகளை எண்ணும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் இருந்து அவர் ஒரு தலையைக்கூட எண்ணவில்லை. பன்னிரண்டு பேரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தாளைக் காட்டுங்கள் என்றார்.

கஸ்பாருக்குப் பொய் வராது. எங்களிடம் அனுமதி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அதிகாரி தாளைக் கேட்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போவது அவருடைய பழக்கம். அன்று விடியற்காலையில் பரிசோதகர் முத்திரை வைத்துக் கொடுத்த பாய்லர் ஓய்வுச் சான்றிதழ் அதில் இருந்தது. பாய்லரை மறுபடி மூட்டும்வரை பாய்லர்காரர் அதை உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தாள் வெளியே வந்த உடனே சீருடைக்காரர் அதை வாங்கிக்கொண்டார். முதலில் முத்திரையைப் பார்த்தார். இரண்டு முத்திரைகள் இருந்தன. அவர் முகம் தெளிந்தது.

"நிலை: குளிர்ந்தது" என்று உரக்கப் படித்தார். "கசிவு இல்லை. வெடிப்பு அபாயம் இல்லை. ரொம்ப நல்லது. போன வாரம் வந்த ஜெர்மன்காரங்க தாள்ல இந்த விவரமெல்லாம் இல்லவே இல்லை. அதிகபட்சம்: பன்னிரண்டு." அது பாய்லர் தாங்கும் அழுத்தத்தின் எல்லை. அவர் கருவியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு தலையாக எண்ணினார். "பன்னிரண்டு. சரியா இருக்கு. போங்க."

"அது வந்து, மிசியே..." என்று கஸ்பார் ஆரம்பித்தார். ஒதீல் அவர் காலை மிதித்தாள். நல்ல மிதி.

ஆன்செல்ம் என்ற திராட்சைத் தோட்டக்காரரின் முற்றத்தில் வால்நட் மரத்தடியில் நீள மேஜை போட்டிருந்தது. வந்தவர்களைப் பார்த்து அவர் முதலில் நம்பவில்லை. ஆணையம் அனுப்பிய சோதனைக் குழுவோ என்று பயந்தார். இல்லை என்று தெரிந்ததும் நிலவறைக்குப் போய் இரண்டு கையிலும் புட்டிகளோடு வந்தார். அவருக்கும் ஆணையத்தோடு வழக்கு இருந்தது. போன மாதம் அசல்தன்மை ஆய்வுக்கு வந்தவர்கள், உடுப்புக்கு மேல் அவர் கட்டியிருந்த துணி மிகவும் புதிதாக இருக்கிறது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம்.

"குடுங்க" என்றாள் ஒதீல். "எங்க மெஷின்ல ரெண்டு தடவை சுத்தினா உங்க தாத்தா கட்டினது மாதிரி ஆயிடும்."

இரண்டாவது சுற்று ஊற்றும்போது வாசலில் கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. ஸ்ட்ராஸ்பூரில் இருந்து வந்த மாகாண மன்ற உறுப்பினர் ஒருவர் இறங்கினார். பின்னால் மதாம் வோக்ளேர். ஆணையத்தின் பணியை நேரில் காண வந்த உறுப்பினருக்குக் காலை முழுக்கச் சுத்தமான தெருக்களைக் காட்டியாயிற்று. இப்போது அவர் பயணிகளையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டார். எல்லாப் பயணிகளும் வகுப்பில் இருக்கும்போது அவர்களுக்கு மதாம் எங்கே போவார்? ஒயின் வீதி முழுவதும் தேடி, பேச்சுக் குரல் கேட்ட ஒரே இடத்தில் காரை நிறுத்தச் சொல்லியிருந்தார்.

மதாமுக்கு கஸ்பாரை அடையாளம் தெரிந்தது. அடுத்து ஜிலேனைத் தெரிந்தது. அவர் முகம் பால் திரிவது போல மாறியது. ஆனால் உறுப்பினர் அதற்குள் உட்கார்ந்துவிட்டார். ஆன்செல்ம் இருவர் கையிலும் சிவப்பு ஒயினைக் கொடுத்தார்.

"சொல்லுங்க, மிசியே" என்றார் உறுப்பினர் கஸ்பாரிடம். "இங்க வர்றதுக்கு ஆணையம் உங்களுக்கு எப்படி உதவிச்சு?"

"வர்றதுல கஷ்டமே இல்லை, மிசியே. ரயில் இருக்கு, பஸ் இருக்கு. அனுமதி வாங்கறதுக்குத்தான் ரெண்டு மாசமா அலைஞ்சேன். எங்க ஜிலேனுக்குக் கிடைக்கல. அதனால அனுமதி இல்லாமலே வந்துட்டோம்."

மதாமின் கையில் இருந்த கோப்பை சாய்ந்து வெண்ணெய் நிறக் கோட்டின் முன்பக்கம் முழுக்கச் சிவந்தது.

உறுப்பினர் அதைக் கவனிக்கவில்லை. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "அனுமதியே தேவைப்படாத அளவுக்கு நடைமுறையை எளிமையாக்கிட்டீங்க. இப்படி வேறெந்த ஊரும் செஞ்சதில்லை" என்று மதாமின் கையைக் குலுக்கினார். நான்காவது விருதுக்குத் தானே பரிந்துரை செய்வதாகச் சொன்னார். ஐந்து மணிக்கு வேறு கூட்டம் இருந்ததால் காரில் ஏறிப் போய்விட்டார்.

மதாம் அவரோடு போக முடியவில்லை. அவருடைய கோட்டு ஜிலேன் கையில் இருந்தது. அது எப்போது தன் தோளைவிட்டுக் கழன்றது என்று மதாமுக்கே தெரியாது. ஜிலேன் கிணற்றடியில் மண்டியிட்டு, நீலக் கவுன் நனைவதைப் பார்க்காமல், கறையின் பின்பக்கத்தில் இருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஆன்செல்ம் உள்ளே போய்க் காடி எடுத்து வந்தார்.

"உக்காருங்க, மதாம்" என்றாள் ஜிலேன் திரும்பிப் பார்க்காமல். "காயறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா மஞ்சளா நிக்கும்."

மதாம் வோக்ளேர் பெஞ்சின் ஓரத்தில், சட்டைக் கையோடு, உட்கார்ந்தார். முதல் கால் மணி நேரம் எல்லாரையும் எண்ணிக்கொண்டிருந்தார்; உதடு அசைவதில் தெரிந்தது. ஒதீல் அவர் முன்னால் ஒரு கோப்பையை நகர்த்தினாள். இந்த ஊரில் ஒன்பது வருஷமாக இருந்தும் இப்படி உட்கார்ந்ததில்லையா என்று கேட்டாள். ஆய்வுக்கு வருவேன், நின்றபடியே முடித்துக்கொண்டு போய்விடுவேன் என்றார் மதாம். இரண்டாவது கோப்பைக்கு எண்ணுவதை விட்டுவிட்டார். மூன்றாவது கோப்பையில், புன்னகைப் பயிற்சிக்குப் போன ஏழு பேரில் இருவர் அழுதுகொண்டே திரும்பி வந்த கதையைச் சொன்னார். மேஜையே குலுங்கியது. மலைச்சரிவில் வெயில் இறங்கி, திராட்சைக் கொடிகளின் வரிசை ஒவ்வொன்றாக நிழலுக்குள் போயிற்று. அதை மதாம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு காய்ந்துவிட்டது என்று ஜிலேன் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறதே என்றார். தொட்டுப் பார்க்காமலே சொன்னார்.

ஒரு வாரம் கழித்து ஆலைக்கு ஆணையத்தின் கடிதம் வந்தது. வாயிலில் பதிவான சான்றிதழின்படி ரீடல்ஹைம் குழுவின் அதிகபட்ச எண்ணிக்கை பன்னிரண்டு. ஆனால் மேற்படி முற்றத்தில் மாலை நான்கில் இருந்து ஐந்தரை வரை பதின்மூன்று நபர்கள் அமர்ந்திருந்ததாகத் தெரியவருகிறது. அனுமதியின்றி அமர்ந்திருந்த அந்தப் பதின்மூன்றாவது நபரின் பெயரையும் விவரத்தையும் எட்டு நாளுக்குள் தெரிவிக்கவும். கீழே மதாம் வோக்ளேரின் கையெழுத்து. படித்துப் பார்த்துப் போட்டாரா, பார்க்காமல் போட்டாரா என்று கையெழுத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஒதீல் அதைப் பாய்லரில் போடச் சொன்னாள். கஸ்பார் கேட்கவில்லை. கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டும். நல்ல தாளாக எடுத்து, ஒரு கட்டத்தையும் விடாமல், தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்.

"பெயர்: கேட்டுக்கொள்ளவில்லை. அடையாளம்: கோட்டு இல்லை. நடத்தை: தொந்தரவு எதுவும் செய்யவில்லை. போகும்போது தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். மறுபடி வந்தால் உட்காரவிடலாம்."

முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் ஆலையின் முத்திரையை அழுத்திவிட்டு, மறுநாள் காலைத் தபாலில் சேர்த்தார்.